சூதுப்பொறிப் பலகையிற் குதையும் சில்லும்

மின்னாற் செயற்படும் பொறியொன்று நின்றுவிட்டால், அதன் உறுப்புகளுள் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்றே பெரும்பாலார் கருதுவர். உறுப்புகள் யாவும் நலமாயிருப்பவும், அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் நேர்ந்த சிறு குறையாற் பொறி முழுவதும் முடங்குதல் உண்டு என்பதை அவர் எண்ணுவதில்லை. இதனைத் தெளிவாகக் காட்டவல்லது, அமெரிக்கச் சூதாட்ட மண்டபங்களில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் காசிடு பொறியாகும். சென்ற நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளிற் செய்யப்பட்ட அத்தகைய பொறிகள் பல இன்று பழுதுற்றுக் கிடக்கின்றன. அவற்றின் சுற்றுப்பலகையிலுள்ள சில்லுகளை மெல்லக் கழற்றி, மீண்டும் அவ்விடத்திலேயே பொருத்திய அளவில், இறந்ததெனக் கைவிடப்பட்ட பொறி எழுந்து இயங்குதல் பழுது பார்ப்போர் பலர் கண்ட செய்தி. எப்பொருளும் மாற்றப்படவில்லை, எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவுமில்லை. அவ்வாறாயின் அப்பொறி திருந்தியது யாங்ஙனம்? அத்திருத்தம் எவ்வளவிற்கு நம்பத்தக்கது? இவ்விரண்டையும் ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

சூதினைப் போற்றுதல் நம் கருத்தன்று. நளனும் தருமனும் சூதால் நாடிழந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம்; வள்ளுவரும் அதற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் பெரும்பணம் புரளும் பொறியாதலின், அதன் அமைப்பிற் செலுத்தப்பட்ட எச்சரிக்கையும் பெரிது. ஆதலால் மின்னியல் பயில்வார் அதனிடத்துக் கற்கவேண்டுவன பல உள.

முதலிற் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. சில்லு என்பதை நம் நாட்டார் வண்டிச் சக்கரத்துக்கு வழங்குவர். இக்கட்டுரையிலோ அது, சிலிக்கன் துணுக்கொன்றிற் பல்லாயிரம் திரான்சிஸ்ரர்களை அமைத்து, கரிய பிளாஸ்ரிக் உறையிலோ பீங்கான் உறையிலோ அடக்கிய சிறு கட்டையைக் குறிக்கும். அதன் இரு பக்கங்களிலும் உலோகக் கால்கள் வரிசையாகக் கீழ்நோக்கி நிற்கும். தூரத்திலிருந்து நோக்குவார்க்கு அது பூரான்போலத் தோன்றும். 1964 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலுள்ள பெயர்ச்சைல்ட் கம்பனியில் உருவாகிய இவ்வடிவத்திற் காலுக்குக் கால் இடைவெளி 2.54 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்திற் பத்தில் ஒரு பங்கு. இச்சில்லைப் பலகையில் நேரே பற்றாசு வைத்துப் பிணைத்தல் ஒரு முறை. பலகையிற் குதை ஒன்றைப் பற்றாசு வைத்துப் பிணைத்து, அக்குதையிற் சில்லைச் செருகுதல் மற்றொரு முறை. குதை என்பது கடைவீதியிற் சொக்கற்று என வழங்குவதே. அதன் ஒவ்வொரு துளையினுள்ளும் சிறு உலோக வில் ஒன்று உண்டு. அது சில்லின் காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் சார்ள்ஸ் பே என்னும் கைவினைஞர் அமைத்த ‘லிபர்ட்டி பெல்’ என்னும் சூதுப்பொறி, வில்லும் பற்சக்கரமும் நெம்புகோலுமே கொண்டது. 1960 களின் முற்பகுதியிற் பாலி என்னும் கம்பனி மின்னோடியும் மின்னாளிகளும் கொண்ட பொறியை வெளியிட்டது. அதன் பின்னர் நுண்செயலி வந்தது. 1980 களிற் சூதுப்பொறியின் மூளை ஒரு சிறு கணினியாகவே மாறிவிட்டது எனலாம். உருளைகள் முன்போலவே சுழன்றன. பிடியை இழுக்கும் வழக்கமும் சிலவற்றில் எஞ்சியது. ஆயின் உருளை எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதை வில்லும் பல்லும் தீர்மானிக்கவில்லை. நினைவகச் சில்லில் எழுதப்பட்ட நிரலே தீர்மானித்தது.

இந்நினைவகச் சில்லு பெரும்பாலும் ஈப்றொம் என்னும் வகையினது. இன்ரெல் கம்பனியில் டோவ் புரோமன் என்பார் ஆக்கி, 1971 இல் வெளிவந்தது இது. இதன் முதுகிற் குவாட்சுக் கண்ணாடியாலாகிய சிறு சாளரம் உண்டு. சாளரத்தினூடாகப் புறவூதாக் கதிர் படுமாயின் எழுதியதெல்லாம் அழியும். பின்னர் மீண்டும் எழுதலாம். 27256 என்னும் இலக்கம் பெற்ற சில்லில் 28 கால்கள் உள. அவற்றுட் பதினைந்து முகவரிக் கால்கள். எட்டுத் தரவுக் கால்கள். எஞ்சியவற்றுள் ஒன்று மின் ஏற்கும், ஒன்று புவியோடு இணையும், ஏனையவை கட்டுப்பாட்டுக்கு உரியன. பதினைந்து முகவரிக் கால்களாற் சுட்டத்தக்க இடங்கள் 32,768. ஒரு சூதுப்பொறியின் ஆட்டம் முழுவதும், பரிசுக் கணக்கு உட்பட, இத்துணைச் சிறிய ஏட்டில் அடங்கிற்று என்பது வியப்பே.

இனி, இச்சில்லைப் பற்றாசால் நிலையாகப் பிணைக்காது குதையில் வைத்தது ஏன்? பிணைப்பு உறுதியானது, செலவும் குறைவு. அவ்விரண்டையும் விடுத்துக் குதையை நாடியதற்குக் காரணம், இச்சில்லே பொறியின் கணக்குப் புத்தகம் என்பதுதான். உருளையொன்றில் 22 நிறுத்தங்கள் இருக்க, மூன்று உருளைகளிலும் பெரும்பரிசுச் சின்னம் ஒவ்வோரிடத்தில் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பின், அம்மூன்றும் ஒருங்கே அமைதல் 10,648 ஆட்டங்களுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது. 1984 இல் இங்கே டெல்நெஸ் என்பார் அமெரிக்காவிற் பெற்ற காப்புரிமை இக்கணக்கை மாற்றியது. கண்ணாற் காணும் உருளைக்குப் பின்னே, கண்ணாற் காணாத எண்ணுருளை ஒன்று நிரலில் இருக்கும். அதில் 64 இடங்கள் எனின், அதே பரிசு 262,144 ஆட்டங்களுக்கு ஒன்றாகிவிடும். உருளையிற் சிறிதும் மாற்றமில்லை. ஆடுவோன் காண்பதும் முன்னைய 22 நிறுத்தங்களே. வேறுபட்டது சில்லு மட்டும். ஒரே பொறியில் ஒரு சில்லை எடுத்து மற்றொன்றைச் செருகினால் அது வேறொரு பொறியாகிவிடுகின்றது.

ஆகவே, மண்டபத்தார் ஆட்டத்தை மாற்ற விரும்பினும், அரசின் சோதனையாளர் பொறி நேர்மையானதா என்று பார்க்க விரும்பினும், சில்லு கையில் எடுக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். நெவாடா மாநிலத்திற் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபை என ஓர் அரச நிறுவனம் உண்டு. அதன் அலுவலர், சில்லைக் கழற்றி அதன் உள்ளடக்கத்தை ஒரு கருவியில் வாசித்து, அங்கீகரிக்கப்பட்ட பிரதியோடு ஒப்பிடுவர். காப்போனே கள்வனாதலும் நிகழ்ந்தது. அச்சபையிலேயே கடமையாற்றிய ரொனால்ட் ஹரிஸ் என்பவர், நாணயங்களைக் குறித்தவொரு வரிசையில் இட்டாற் பரிசு சொரியும் வண்ணம் சில பொறிகளின் நிரலைத் திரித்தமை, 1995 இல் அவர் கைதாகியபின் வெளிப்பட்டது. கழற்றத்தக்க சில்லு சோதனைக்கும் வழி, வஞ்சனைக்கும் வழி. இதனாலேயே மண்டபங்களில் இப்பலகைகள் பூட்டிய பெட்டியினுள் முத்திரை நாடாவோடு வைக்கப்படுகின்றன. ஆதலால் யாம் இனிக் கூறும் செய்முறை, மண்டபத்தை விட்டு நீங்கிப் பழம்பொருள் சேகரிப்போர் கைக்கு வந்த பொறிகளுக்கே பொருந்தும். அமெரிக்காவின் மாநிலங்கள் சில, குறித்த ஆண்டுகள் கடந்த பழம்பொறிகளை வீட்டில் வைத்திருக்க இசைகின்றன.

கழற்றும் வசதிக்குக் கொடுக்கும் விலை யாது? இருபத்தெட்டுக் கால்களும் இருபத்தெட்டுத் தொடுகைகளை வேண்டுகின்றன. பளபளப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, அவை பரப்பு முழுவதும் தொடுவதாக நாம் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. நுணுக்குக்காட்டியினூடு நோக்கின் எப்பரப்பும் மேடும் பள்ளமுமே. மேட்டின் முகடுகள் சிலவே மற்றைப் பரப்பின் முகடுகளைத் தொடுகின்றன. சுவீடனிற் பிறந்த ராக்னார் ஹோம் என்னும் அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாராய்ச்சிக்கே செலவிட்டார். மின்னோட்டம் முழுவதும் அச்சில புள்ளிகளினூடாகவே ஒடுங்கிச் செல்லவேண்டும் என்பது அவர் நிறுவிய உண்மை. அப்புள்ளிகளை மாசு மூடினால் வழி அடைபடும்.

மலிவான குதைகளின் விற்களும் சில்லுகளின் கால்களும் பெரும்பாலும் வெள்ளீயம் பூசப்பட்டவை. வெள்ளீயம் மென்மையானது, காற்றுப் பட்ட உடனே அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படரும். அப்படலமோ கடினமானது, எளிதில் நொறுங்குவது, மின்னை எளிதிற் கடத்தாதது. காலைக் குதையிற் செருகும்போது வில் அதன்மேல் உராய்ந்து செல்ல, படலம் நொறுங்கி உள்ளிருக்கும் தூய உலோகம் தூய உலோகத்தைத் தொடுகின்றது. செருகும் செயலே துப்புரவாக்கும் செயலாகவும் அமைதல் நயமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தீங்கு வருவது பின்னர்தான். செருகிய காலும் வில்லும் அசையாது நிற்பின் பல்லாண்டு குறையின்றி நிற்கும், அவை அசைகின்றன. பீங்கான் உறை வெப்பத்தால் விரியும் அளவு, பலகை விரியும் அளவின் ஏறத்தாழப் பாதியே. 28 கால் கொண்ட சில்லின் முதற்காலுக்கும் அவ்வரிசையின் கடைசிக் காலுக்கும் இடையே 33 மில்லிமீற்றர் உண்டு. பொறி குளிர்ந்து கிடந்து 30 பாகை வெப்பமேறினால், இவ்விரு விரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு எட்டு மைக்கிரோமீற்றர் அளவில் வரும். இது தலைமயிரொன்றின் பருமனிற் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் நாள்தோறும் அணைத்து ஏற்றும் பொறியில் இவ்வசைவு ஆயிரமாயிரம் முறை நிகழ்கின்றது. அதனோடு நாணயம் விழும் அதிர்ச்சி, நாணயம் எண்ணித் தள்ளும் மின்னோடியின் நடுக்கம், தோற்றவன் ஆத்திரத்தில் இடும் குத்து ஆகியனவும் சேரும். ஒவ்வோர் அசைவும் புதிய வெள்ளீயத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுகின்றது. அது மீண்டும் ஒட்சைட்டாகின்றது. அத்துகள் தொடுமிடத்திலேயே குவிகின்றது. பொறியியலார் இதனை உரசல் அரிப்பு என்பர். இவற்றுக்கு மேலாக, வெப்பமும் குளிரும் மாறி மாறி வருதலாற் சில்லு தன் குதையினின்றும் சிறிது சிறிதாக மேலெழுதலும் உண்டு. புகையிலைப் புகை படிந்த பழைய மண்டபங்களிலிருந்து வந்த பலகைகளில் மஞ்சட் பிசினும் காணப்படும்.

தொடுகை கெட்டாற் பொறிக்கு நேர்வது என்ன என்பதை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். புவிக் காலின் தொடுகையிற் 10 ஓம் தடை தோன்றியதெனக் கொள்வோம். பழைய வகை 27256 சில்லு 100 மில்லியம்பியர் வரை மின்னோட்டம் எடுப்பது. 10 ஓமினூடு 100 மில்லியம்பியர் செல்ல 1 வோல்ற்று இழக்கப்படும். பலகையில் 5 வோல்ற்று இருப்பவும் சில்லுக்குக் கிடைப்பது 4 வோல்ற்றே. அது செவ்வனே இயங்க 4.5 வோல்ற்றாவது வேண்டும். பரிசோதிப்பவன் மானியைப் பலகையில் வைத்துப் பார்த்து, ‘மின் சரியாக வருகின்றது, ஆகவே சில்லுத்தான் கெட்டது’ என்று தீர்ப்பளித்துவிடுவான்! மானியின் முனையைச் சில்லின் காலிலேயே வைத்திருப்பின் உண்மை தெரிந்திருக்கும்.

தரவுக் கால் ஒன்று தொடாவிடின், வாசிக்கும் ஒவ்வோர் எண்ணிலும் ஓரிலக்கம் பிழைக்கும். முகவரிக் கால் ஒன்று தொடாது ஒரு நிலையிலேயே நிற்குமாயின் ஏட்டின் பாதி மறைந்து, மற்றப் பாதியே இருமுறை வாசிக்கப்படும். இவ்வகைப் பொறிகளுட் பல, இயங்கத் தொடங்கும்போது தம் நிரலின் எண்களையெல்லாம் கூட்டி, கூட்டுத்தொகை சரியா என்று பார்த்துக்கொள்வன. தொகை பிழைத்தாற் பிழையெண் ஒன்றைக் காட்டி நின்றுவிடும். நிரலைத் தொடங்கவே இயலாவிடின் விளக்குகள் ஏறியும் கண்ணாடி இருண்டு கிடக்கும். சிலபோது உருளைகள் நில்லாது சுழன்றுகொண்டேயிருக்கும். இங்கு நுணுகி நோக்கவேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. உண்மையாகவே இறந்த சில்லு ஒவ்வொரு முறையும் ஒரே குறையைக் காட்டும். குறை முறைக்கு முறை வேறுபட்டாலோ, குளிரில் இயங்கிய பொறி சூடேறியபின் நின்றாலோ, பலகையை விரலால் மெல்ல அழுத்தும்போது நிலைமை மாறினாலோ, ஐயுறவேண்டியது தொடுகையையே.

இனிச் செய்முறை. மின்னிணைப்பைச் செருகியிலிருந்தே கழற்றிவிடவேண்டும். ஆளியை அணைத்தல் போதாது. மின்வழங்கியிலுள்ள பெரிய கொள்ளளவிகள் வெறுமையாகச் சில நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அடுத்த பகை நிலைமின். நம் விரல் 3,000 வோல்ற்றளவிற்குக் குறைந்த நிலைமின் இறக்கத்தைப் பெரும்பாலும் உணர்வதேயில்லை. சில்லினுள் இருக்கும் மெல்லிய காவற் படலத்தைத் துளைக்கச் சில நூறு வோல்ற்றே போதும். ஆதலின் புவியோடு இணைந்த மணிக்கட்டுப் பட்டியை அணிந்துகொள்ளவேண்டும். அஃதில்லாதார் பொறியின் வெற்று உலோகச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளலாம்.

கழற்றுமுன் பலகையைப் படம் பிடித்துக்கொள்க. அல்லது தாளில் வரைந்துகொள்க. ஒரே அளவான சில்லுகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து நிற்கும். இடம் மாறினால் ஒன்றும் இயங்காது. ஒவ்வொரு சில்லின் ஒரு நுனியில் வெட்டு ஒன்றோ புள்ளி ஒன்றோ உண்டு. அது முதற்காலின் பக்கத்தைக் காட்டும். இதனைப் புறக்கணித்தல் பெரும் பிழை. 28 கால் சில்லில் மின் ஏற்கும் கால் 28 ஆவது, புவிக் கால் 14 ஆவது. இரண்டும் எதிரெதிர் மூலைகளில் நிற்பன. சில்லைத் தலைமாற்றிச் செருகினால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக வந்து அமரும். மின் தலைகீழாகப் பாயும். சில்லு கை சுடுமளவிற் கொதித்து அழியும்.

சில்லைக் கழற்றுவதற்கென இடுக்கி விற்கப்படுகின்றது. மெல்லிய தட்டைத் திருப்புளியும் போதியதே. அதனைச் சில்லுக்கும் குதைக்கும் நடுவே செலுத்துக. குதைக்கும் பலகைக்கும் நடுவே செலுத்தினாற் செப்புப் பாதைகள் அறுந்துபோம். ஒரு நுனியில் அரை மில்லிமீற்றர், மறு நுனியில் அரை மில்லிமீற்றர் என மாறி மாறி உயர்த்திவரின் கால்கள் வளையா. பொறுமையற்றவன் ஒரு பக்கமே நெம்பினால் மறு பக்கத்துக் கால்கள் மடிந்து முறியும். சாளரத்தின்மேல் ஒட்டிய தாளை ஒருபோதும் உரிக்கலாகாது. நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும், ஒளிர்குழாய் விளக்கின்கீழ் ஏறத்தாழ மூன்று ஆண்டும் கிடந்தாற் சில்லின் எழுத்து அழியும் என்பது செய்தோர் தரும் கணக்கு.

கழற்றிய காலின் நிறத்தை நோக்குக. மங்கிய சாம்பல் நிறம் வெள்ளீய ஒட்சைட்டின் குறி. கருமை படர்ந்திருப்பின் அது வெள்ளி பூசிய பழைய கால். காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால் வெள்ளிச் சல்பைட்டு ஆனது. துப்புரவுக்கு ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியே முதல் மருந்து. அதற்கு அகலாத கறையைப் பென்சில் அழிக்கும் இறப்பரால் மெல்ல உரைத்து, துகளை மீண்டும் அற்ககோலாற் கழுவலாம். உப்புத்தாளைக் கையில் எடுத்தலே ஆகாது. அது கறையோடு பூச்சையும் சுரண்டி, அடியிலுள்ள உலோகத்தைத் துருவுக்கு இரையாக்கும். குதையின் துளைகளிலும் அற்ககோலோ தொடுகை துடைக்கும் எண்ணெயோ ஒரு துளி விட்டு, சில்லை இருமுறை மும்முறை செருகி எடுத்தால் வில்லின் பரப்பும் துலங்கும்.

மீளச் செருகுங்கால் எல்லாக் கால்களும் தத்தம் துளைகளின் வாயில் நிற்கின்றனவா என்று இரு பக்கமும் பார்த்தபின்பே அழுத்துதல் வேண்டும். ஒரு கால் மட்டும் உள்மடிந்து சில்லின் வயிற்றின்கீழ் ஒளிந்துகொள்ளல் அடிக்கடி நேர்வது. மேலிருந்து பார்ப்பார்க்கு அது சரியாக அமர்ந்ததுபோலவே தோன்றும். பலகையை அடியில் தாங்கிக்கொண்டு அழுத்துக. தாங்காவிடிற் பலகை வளைந்து, வேறிடத்துப் பற்றாசு வெடிக்கும். ஒரு பழுதைத் தீர்க்கப் புகுந்து மற்றொன்றை ஈட்டியதாகும்.

இவ்வளவும் செய்து பொறி இயங்கியதும் வேலை முடிந்தது எனப் பலர் எழுந்துவிடுவர். எம் கருத்து வேறு. கழற்றிப் பொருத்தல், பழுது எங்குள்ளது என்பதைக் காட்டுகின்றது. சிலபோது நெடுங்காலத்துக்கு அதனைத் தீர்த்தும் வைக்கின்றது. ஆனால் அதனை விளைவித்த வில்லின் தளர்ச்சியை அது போக்குவதில்லை. சில்லு தடையின்றி வழுக்கிக்கொண்டு உள்ளே போகுமாயின் வில் சோர்ந்துவிட்டது என்று அறிக. அத்தகைய குதையிற் சில மாதங்களில் அதே பழுது திரும்பும். ஒவ்வொரு செருகலும் பூச்சைத் தேய்த்து நிலைமையை மேலும் கெடுக்கும். ஒரே சில்லுக்கு இரண்டாம் முறை இப்பரிகாரம் வேண்டப்பட்டதாயின், மூன்றாம் முறை அதனைச் செய்யாது, குதையையே அகற்றிப் புதியது வைத்தல் தக்கது. துளையொன்றிற்குக் கடைசல் பிடித்த வட்டக் குழலும் உள்ளே பல விரல்கொண்ட வில்லும் அமைந்த உயர்தரக் குதைகள் உள. விலை கூடினும் அவை நெடிது உழைக்கும். பொன் பூசிய குதையில் வெள்ளீயக் காலைச் செருகுதல் மேன்மையெனச் சிலர் எண்ணுவர். வெள்ளீயத் துகள் பொன்மேற் படிந்து ஒட்சைட்டாவதால், அதனாற் பெரும்பயன் இல்லை.

இப்பரிகாரம் பலிக்காத இடமும் உண்டு. பழைய பலகைகளிற் கணக்குகளைக் காக்கவென நிக்கல் கட்மியப் பற்றரி வைக்கப்பட்டிருந்தால், அது முதுமையிற் கசிந்து பொற்றாசியம் ஐதரொட்சைட்டைப் பலகையிற் பரப்பும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த குதையைக் கண்டால் அங்கே கழற்றிப் பொருத்தல் வீண்வேலை. பற்றரியை நீக்கி, வினாகிரியாற் காரத்தைத் தணித்து, நீரால் அலம்பி, அற்ககோலால் ஈரத்தைப் போக்கியபின் எந்தப் பாதை எஞ்சியது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் குதையை மாற்றவே நேரும்.

மற்றொன்று: நிரற் சில்லை மாற்றி வேறொன்றைப் பொருத்தினால், பற்றரி காக்கும் நினைவகத்திலுள்ள பழைய குறிப்பு புதிய நிரலோடு இசையாமையாற் பொறி இயங்க மறுப்பதுண்டு. அது பழுதன்று, காவல். அதனை நீக்கும் முறை பொறிக்குப் பொறி வேறுபடும்.

சில்லு கையில் இருக்கும்போதே செய்துகொள்ளவேண்டிய பணி ஒன்று எஞ்சுகின்றது. ஈப்றொம் சில்லில் எழுத்தாக நிற்பது, காவற் படலத்தினுள் சிறைப்பட்ட மின்னேற்றமே. அது மிக மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். செய்தோர் உறுதி கூறிய காலம் பொதுவாகப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை. 1980 களிற் செய்த சில்லுகள் நாற்பதாண்டைக் கடந்தும் பல வாசிக்கத்தக்கனவாய் இருக்கின்றன. சிலவற்றில் ஓரிரு எண்கள் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டன. ஈப்றொம் வாசிக்கும் சிறு கருவி இன்று மலிவாகக் கிடைக்கின்றது. துப்புரவான கால்களோடு சில்லை அதிற் செருகி, உள்ளடக்கத்தை இருமுறை வாசித்து, இரு பிரதியும் ஒத்திருப்பின் ஒன்றைச் சேமித்து வைத்து, அதன்பின்னரே அதனைப் பலகையிற் பொருத்துக.